கோட்பாட்டின் ஏவலாளா பரிசோதனை?

விஞ்ஞானத்தின் தலை கோட்பாடு, கை பரிசோதனை என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றியுள்ளது. ஐன்ஸ்ரைன் 1916 இல் கூறிய ஈர்ப்பலைகளைப் பின்வந்தோர் ‘உறுதிசெய்தனர்’ என்று எழுதி அமைவோர் இவ்வெண்ணத்தின் வழிப்பட்டோரே. றெயினர் வைஸ் (1932–2025) என்னும் பௌதிகவியலாளரின் பணி இதனை முற்றாக மறுத்துரைக்கின்றது.

முதலாவதாக, தலையே தடுமாறியதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். 1936 இல் ஐன்ஸ்ரைனே, ரோசனுடன் இணைந்து, ஈர்ப்பலைகள் இல்லை என நிறுவ முற்பட்டார். அப்பிழையைக் கணிதம் திருத்தியது உண்மையே. ஆயின், இயற்கையில் அலை உண்டு என்பதற்குக் கணிதம் மட்டும் சான்றாகுமா?

கருவியைச் செய்துவிட்டால் போதும் என்பாரும் உளர். 1969 இல் ஜோசப் வெபர், அலுமினிய உருளைகளைக் கொண்டு ஈர்ப்பலைகளைக் கண்டதாக அறிவித்தார். பிற ஆய்வுகூடங்கள் எவையும் அவற்றைக் காணவில்லை. 1972 இல் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் வைஸ் எழுதிய அறிக்கையின் சிறப்பு இவ்விடத்தேதான் புலனாகும். ஒளியின் தலையீட்டைக் கொண்டு ஈர்ப்பலையை அளக்கலாம் என்னும் கருத்து முன்னரே சிலரிடம் தோன்றியதுதான். நில அதிர்வு, வெப்பம், லேசரின் தளம்பல் என அளவீட்டைக் கெடுக்கும் இரைச்சல்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டவர் வைஸ். அலையைத் தேடுமுன், அலைபோல் தோன்றி ஏமாற்றுவனவற்றை அவர் தேடினார். இதுவா வெறுங் கைத்தொழில்?

1989 இல் ஏவப்பட்ட கோபே செய்மதியின் விஞ்ஞானக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கியபோதும் இவ்வொழுக்கமே தேவைப்பட்டது. பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலையில் இலட்சத்தில் ஒரு பங்களவான வேறுபாட்டை, பிழைகளை அறியாதார் எங்ஙனம் பிரித்தறிவர்?

2002 முதல் 2010 வரை லைகோ நிலையங்கள் ஓர் அலையையும் காணவில்லை. அதனைத் தோல்வி எனல் பேதைமை. 2010 இல் போலிச் சமிக்ஞை ஒன்று இரகசியமாகப் புகுத்தப்பட்டு, ஆய்வாளர்களின் விழிப்பே சோதிக்கப்பட்டது. 2015 செப்ரெம்பர் 14 இல், ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் இடைவெளியிலுள்ள இரு நிலையங்களும் ஒரே அதிர்வைப் பதிந்தன. 4 கிலோமீற்றர் நீளமான புயங்களில் நேர்ந்த மாற்றம் புரோத்தனின் விட்டத்திலும் பன்னூறு மடங்கு சிறிது. அதனை உலகு நம்பியமைக்கு முந்திய ஆண்டுகளின் அடக்கமே காரணம்.

கோட்பாடின்றி எதனைத் தேடுவது என வினவலாம். நியாயமான வினாவே, 2017 இன் நோபெல் பரிசில் கோட்பாட்டாளர் கிப் தோர்னுக்கும் பங்குண்டு. மறுக்கப்படுவது கோட்பாடன்று, அதன் மேலாதிக்கமே. தன் பிழையைத் தானே கணக்கிடாத அறிவு, எத்துணை அழகியதாயினும், நம்பிக்கை மாத்திரமே.