டார்ச் செல்லும் அட்டைப்பெட்டியும்

மார்கழி பிறந்துவிட்டால் மயூர் விஹாரில் விடியலுக்கு முன்பே இரண்டு சத்தங்கள் கேட்கத் தொடங்கும். ஒன்று, உத்தர குருவாயூரப்பன் கோயிலுக்குக் கிளம்புகிறவர்களின் செருப்புச் சத்தம். மற்றொன்று, கேஸ் கீசர் பற்றிக்கொள்ள முயலும் 'டக் டக் டக்'. பத்து வயதான கீசரில் சத்தம் மட்டும் வரும், தீ வராது. வெளியே 5 டிகிரி.

மெக்கானிக் மூடியைத் திறந்து பார்ப்பதற்கே ஒரு தொகை உண்டு. "புதுசு வாங்கிடுங்க, அங்கிள்" என்ற ஆலோசனை மட்டும் இலவசம். பென்ஷனில் ஓடும் குடித்தனத்துக்கு இரண்டுமே கட்டுப்படியாகாது.

பாதி நோய்களுக்கு வீட்டு வைத்தியமே போதும். முதலில் பார்க்க வேண்டியது கீசரின் அடியில் உள்ள இரண்டு டார்ச் செல்கள். பொறியைத் தருவதும் கேஸ் வால்வைத் திறப்பதும் இவைதான். பொறி வந்தும் தீ வராவிட்டால் செல் தளர்ந்திருக்கக்கூடும். செலவு நூறு ரூபாய்க்குள்.

'டக் டக்'கே இல்லையென்றால் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். ஓடும் நீர் உள்ளே ஒரு ரப்பர் வில்லையைத் தள்ளினால்தான் கீசர் விழித்துக்கொள்ளும். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு நீரின் வேகம் போதாது. உயரத்தில் இருப்பதற்கான தண்டனை. மற்ற மாடிகளில் பெரும்பாலும் குற்றவாளி, நீர் நுழையும் இடத்தில் உள்ள சல்லடை. போர்வெல் நீரின் உப்பு அதை அடைத்திருக்கும். கழற்றி, வினிகரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும்.

குளிர்காலத்தில் சிலிண்டரும் சதி செய்யும். சமையல் கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாக, கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அது குளிரில் சோம்பேறி. அடுப்பின் பெரிய பர்னரைப் போல நாலைந்து மடங்கு கேஸ் கேட்கும் கீசருக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. அடுப்பு எரிகிறது, கீசர் எரியவில்லை என்ற புகாருக்கு இது ஒரு விளக்கம். அதற்காக சிலிண்டரைச் சூடாக்கக் கிளம்பிவிடக் கூடாது. குழாய் எரிவாயுவுக்கு மாறிய வீடுகளில் வேறு கதை: கேஸ் வரும் நாசிலின் துளையை மாற்றாவிட்டால் தீ சிறுத்துத்தான் எரியும். அது கையைச் சுட்டுக்கொள்ளும் வேலை, தெரிந்தவரிடம் விட வேண்டும். ரப்பர் டியூபின் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது மட்டும் எல்லாருக்குமான வேலை. நுரை கொப்பளித்தால் கேஸை மூடிவிட்டு 1906-ஐ அழைக்கலாம்.

நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாகி, மேலே கரி படிந்தால் அங்கே சிக்கனம் செல்லாது. பர்னருக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். அழுக்கு காரணமாக இருக்கலாம், அறையே காரணமாகவும் இருக்கலாம். காரணம் பல வீடுகளில் தலைக்கு மேலேயே இருக்கிறது. குளிர் வராமலிருக்க வென்டிலேட்டரில் அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செருகியிருப்பார்கள். சாத்திய சின்னக் குளியலறையில் கீசரும் மனிதரும் ஒரே காற்றுக்குப் போட்டியிட, கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. கசியும் கேஸைக் காட்டிக்கொடுக்க நாற்றம் சேர்க்கிறார்கள். இதற்கு நாற்றமே இல்லை. ஆக்சிஜனைவிட சுமார் 200 மடங்கு இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். வலிப்பு என்று நினைத்து மருத்துவமனைக்குத் தூக்கிப் போனவர்களும் உண்டு. இந்திய மருத்துவ இதழ்கள் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்துவிட்டன.

"அட்டையை எடுத்தா குளிருமே" என்பார் பாட்டி. குளிரத்தான் செய்யும். கீசரைப் பால்கனிக்கு மாற்றிவிட்டுக் குழாயை நீட்டினால் பாட்டிக்கும் குளிராது. செலவு, பிளம்பரின் கூலியும் சில அடிக் குழாயும். அதற்கும் இந்த மாதம் வழியில்லாவிட்டால், கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து வாளிகளை நிரப்பி, கீசரை அணைத்து, சற்றுப் பொறுத்துக் கதவைச் சாத்திக் குளிக்கலாம். ஷவர் ஆசை மார்ச் மாதம்வரை காத்திருக்கட்டும்.