பதின்மூன்றாவது ரீசார்ஜ்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கேயும் வருடத்துக்கு 12 மாதம்தான். வாங்கிய சம்பளமும், இப்போது வாங்கும் பென்ஷனும் 12 தான். செல்போன் திட்டங்கள் பலவற்றில் மட்டும் மாதத்துக்கு 28 நாள். வருடத்துக்கு 13 ரீசார்ஜ்!

30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்கவேண்டும் என்று 2022-ல் டிராய் உத்தரவிட்டது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் சொன்னது. இரண்டும் நல்ல காரியம்.

ஆனால் மிச்ச டேட்டா? எங்கள் பக்கத்தில் விடிகாலை ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், பகலெல்லாம் சிக்னல் இல்லாத மலையில் இருந்துவிட்டு, இருட்டியபின் வந்து அசந்து தூங்குகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய அன்றைய டேட்டா நடுராத்திரியில் காலாவதி. வாங்கிய அரிசியில் மிச்சத்தைக் கடைக்காரர் ராத்திரி வந்து அள்ளிக்கொண்டு போவாரா? மிச்சம் மறுநாள் கணக்கில் சேரவேண்டும். அதுதான் நியாயம்.