ராட்சசனைத் தேடி எங்கே போகிறீர்கள்?

போன வாரம் பேத்தி வந்திருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். லீவு நாள், வெளியே மழை. "தாத்தா, ராட்சசன் பார்க்கலாமா? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பாத்துட்டாங்க" என்றாள். 2018ல் படம் வந்தபோது அம்பத்தூர் ராக்கியில் டிக்கெட் கிடைக்காமல் திரும்பி வந்தவன் நான். சரி, இப்போதாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

படம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ராம்குமார் இயக்கம், விஷ்ணு விஷால் கதாநாயகன். பள்ளிக்கூடத்துச் சிறுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். பரிசுப் பெட்டியில் சிதைந்த பொம்மைத் தலை கிடைக்கிறது, பிறகு பிணம் கிடைக்கிறது. சினிமா எடுக்க ஆசைப்பட்டு, வேறு வழியில்லாமல் எஸ்.ஐ. ஆன ஓர் இளைஞன் கொலைகாரனைத் தேடுகிறான். தெலுங்கிலும் இந்தியிலும் மறுபடி எடுத்தார்கள். நன்றாக எடுக்கப்பட்ட படம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுபது தாண்டிய நானே இரண்டு முறை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

என் சண்டை படத்தின் தரத்தோடு இல்லை. அது ராட்சசனை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்பதோடுதான். இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், இனி கதையைச் சொல்லாமல் பேச முடியாது.

படத்தின் முதல் பாதியில் இன்பராஜ் என்று ஓர் ஆசிரியர் வருகிறான். 'ஆர்' போட்டு எழுதக் கை வரவில்லை. மார்க் குறைந்த பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு மிரட்டுகிறவன். கதாநாயகனின் அக்கா மகளே அவனிடம் மாட்டிக்கொள்கிறாள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். சொல்கிறேன், அந்தப் படத்திலேயே உண்மையான பகுதி அதுதான். அந்தக் குழந்தையின் முகமும், அவன் குரலில் இருக்கும் அந்த அமைதியும்.

ஆனால் படம் அவனை என்ன செய்கிறது? 'கொலைகாரன் இவன்தானோ' என்று நம்மைத் திசைதிருப்பப் பயன்படுத்திக்கொள்கிறது. பாதிப் படத்தில் அவன் கதை முடிகிறது. கதை உடனே அடுத்த ஆளைத் தேடிக் கிளம்பிவிடுகிறது. இத்தனை நாள் அவனோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் டீ குடித்தவர்கள் யார், யாருக்கு என்ன தெரியும் என்று நின்று கேட்க அதற்கு நேரமில்லை.

அசல் ராட்சசன் வேறு ஆள். வயதுக்கு மீறிய முகத்தைத் தரும் ஒரு நோய் அவனுக்கு. பள்ளியில் ஒரு பெண் அவனை ஒதுக்கிவிட்டாள், அதனால் கொலைகாரன் ஆனானாம். வேஷம், மேஜிக், பியானோ எல்லாம் உண்டு. ஆக ராட்சசன் பார்க்கவே ராட்சசன் மாதிரி இருப்பான் என்று பாட்டி கதையில் சொன்னதையே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் எனக்குக் கோபம் வர ஒரு காரணம் உண்டு. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஏதோ நோயினால் தலைமுடி கொட்டி, முகம் சுருங்கி, பன்னிரண்டு வயதில் கிழவன் மாதிரி இருப்பான். பிள்ளைகள் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் யாரையும் கொல்லவில்லை. திருமுல்லைவாயில் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், இன்றைக்கும் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பான். அவனைப் போன்ற குழந்தை எந்த வகுப்பில் இருந்தாலும், இந்தப் படம் பார்த்த மறுநாள் அதன் பட்டப்பெயர் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள். "தாத்தா, உங்க ஸ்கூல்ல அந்த இன்பராஜ் மாதிரி யாராவது இருந்தாங்களா?"

"சேச்சே, அதெல்லாம் சினிமா" என்றேன்.

அது பொய். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

1989. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் மதியம் என்னிடம் வந்து, "சார், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் நீங்களே எடுக்கறீங்களா சார்?" என்றாள். அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் சயின்ஸில். எடுத்தவர் வேறொருவர். "சயின்ஸுக்கு நான் எங்கேம்மா போவேன், நான் கணக்கு வாத்தியாராச்சே" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியே நின்றாள், பிறகு போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் அவள் அம்மா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனார். ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் ஒரே ஒரு முறை தலைமையாசிரியரிடம் பேச்செடுத்தேன். "பொண்ணோட எதிர்காலத்தை நினைச்சுப் பாருங்க சார், பள்ளிக்கூடத்துப் பேரையும் நினைச்சுப் பாருங்க" என்றார். நினைத்துப் பார்த்தேன். சும்மா இருந்துவிட்டேன். அந்த மனிதர் இன்னும் பதினோரு வருடம் அதே பள்ளியில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற நாளில் சால்வை போட்டோம். வாழ்த்துரை எழுதிப் படித்தது யார் தெரியுமா? நான்தான்.

அவருக்கு நோய் கிடையாது, முகத்தில் ஒரு தழும்பு கிடையாது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, நல்ல கையெழுத்து.

சினிமா பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்லும் கிழவன் இல்லை நான். 2012 பிப்ரவரியில் பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அப்போது ஓடிக்கொண்டிருந்த ஓர் இந்திப் படத்தைப் பார்த்துத்தான் செய்தான் என்று பத்திரிகைகள் எழுதின. படத்தைத் திட்டிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். படம் கொலை செய்யச் சொல்லித் தருகிறது என்பதல்ல என் புகார். எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் தப்பாகச் சொல்லித் தருகிறது.

படம் பார்த்த கையோடு என் மகள் என்ன சொன்னாள்? "இனிமே ட்யூஷனுக்குத் தனியாப் போகாதே, அப்பா கொண்டுவந்து விடுவார்." நான் கேட்டேன், "வாசல் வரைக்கும் சரிம்மா, உள்ளே யார் இருக்கா?" அவளிடம் பதில் இல்லை. தெருவில் வரும் அந்நியனுக்குப் பயந்து வண்டி வைக்கிறோம், கேமரா வைக்கிறோம். தேசியக் குற்றப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். போக்சோ வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவு, அக்கம்பக்கம், சொல்லித் தருகிறவர்.

"அப்படியானால் எல்லா வாத்தியாரையும் சந்தேகப்படச் சொல்கிறீரா?" என்று பழைய சக ஆசிரியர் ஒருவர் ஃபோனில் கோபித்துக்கொண்டார். இல்லை ஐயா. குழந்தை ஒன்று சொல்ல வந்தால் சிரிக்காமல் கேளுங்கள் என்கிறேன். என் காலத்தில் சட்டம் இல்லை என்று சாக்குச் சொல்லலாம், இன்றைக்கு அதுவும் முடியாது. 2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டம் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழே வேலை செய்பவரைப் பற்றித் தெரிந்தும் மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. 'பள்ளிக்கூடத்துப் பேர்' என்று இப்போது யாராவது சொன்னால் அதுவே குற்றம். குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது, நம் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. இதை ஒரு காட்சியில் சொல்லியிருந்தால் த்ரில் குறைந்துவிடுமா என்ன?

குறையாது என்பதற்கு நம் ஊர்ப் படமே சாட்சி. 2022ல் வந்த 'கார்கி'. சாய் பல்லவி நடித்தது. அதில் ராட்சசனுக்கு முகமூடியும் இல்லை, பியானோவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நம்மோடு உட்கார்ந்திருப்பவனாக இருக்கிறான். ராட்சசனைப் பார்த்து நான் பயந்தது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கார்கி பார்த்து எத்தனை நாள் என்று கணக்கு வாத்தியாரான எனக்கே கணக்கில்லை.

நேற்று பேத்திக்கு ஃபோன் போட்டேன். "அன்னிக்கு நீ கேட்டதுக்குத் தாத்தா பொய் சொல்லிட்டேன்டா. எங்க ஸ்கூல்ல ஒருத்தர் இருந்தார். எனக்குத் தெரிஞ்சும் நான் எதுவும் செய்யலை" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்த அக்கா இப்ப எங்கே இருக்காங்க தாத்தா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பெண்ணைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. படம் பார்த்த ஒன்பதாம் வகுப்புக் குழந்தைக்குத் தோன்றியது.