உதவி பெற்ற நாடு உதவுகிறது

அயல்நாட்டு உதவி என்றதும் பணமும் யந்திரங்களுமே பலர் நினைவுக்கு வருகின்றன. எஸ்டோனியாவின் அனுபவமோ வேறொரு பாடத்தைப் புகட்டுகிறது. 1991-இல் சோவியத் யூனியனிலிருந்து விடுபட்ட அச்சிறு நாட்டின் ஜனத்தொகை இன்று சுமார் 14 லட்சமே. புதிய பொருளாதாரத்திற்கு மாறிய கடினமான ஆண்டுகளில் அண்டை நாடான பின்லாந்து அதற்குத் துணை நின்றது.

1996-இல் எஸ்டோனியா ‘புலிப் பாய்ச்சல்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. பள்ளிகளுக்குக் கணிப்பொறிகளை வழங்கியதோடு நில்லாமல், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தது. 2001-இல், அரசாங்க இலாகாக்களின் பதிவேடுகள் தம்முள் பாதுகாப்பாகத் தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் ‘எக்ஸ்-ரோடு’ என்னும் அமைப்பை இயக்கத்திற்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் பின்லாந்தும் அதனையே கைக்கொண்டது. 2017-இல் இரு நாடுகளும் அதனை வளர்ப்பதற்கெனக் கூட்டாக ஒரு நிறுவனத்தை அமைத்தன. உதவி பெற்ற நாடு உதவும் நாடாயிற்று.

ஆகவே, சர்வதேச ஒத்துழைப்பில் பயிற்சிக்கே முதலிடம் தருதல் வேண்டும் என்பது எமது கருத்து. கற்பிப்பாரும் பழுது நீக்குவாரும் இல்லாத இடத்தில் யந்திரம் விரைவில் பயனற்றுப்போகும். புதிய கருவி வந்து சேரும் நாளிலேயே, “இதனை இயக்கவும் செப்பனிடவும் எம்மில் யாருக்குப் பயிற்சி?” என்று ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கேட்டல் முறையாகும்.