சந்தையை மூடுவது பாதுகாப்பு ஆகுமா?

பெருந்தொற்றுக் காலத்தில் காய்கறிச் சந்தைகளே நோயின் ஊற்றுக்கண் என்றும், அவற்றை மூடிவிட்டுக் குளிரூட்டப்பட்ட பேரங்காடிகளிடமும் தெருவுக்கு வரும் வண்டிகளிடமும் விற்பனையை ஒப்படைப்பதே மக்களைக் காக்கும் வழி என்றும் ஒரு கருத்து 2020ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் வேரூன்றிவிட்டது. இக்கருத்தைச் சொல்வோர் அனைவரும் கையில் எடுக்கும் சான்று சென்னையின் கோயம்பேடு சந்தை ஒன்றே. ஆகவே அந்தச் சான்று உண்மையில் எதைக் காட்டுகிறது என்பதிலிருந்தே மறுப்பையும் தொடங்க வேண்டும்.

1996இல் திறக்கப்பட்ட கோயம்பேடு வளாகம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளும், இரவெல்லாம் வந்திறங்கும் சரக்குந்துகளும், மூட்டை தூக்கி அங்கேயே உண்டு உறங்கும் தொழிலாளர்களும் நெருங்கிய ஒரு மொத்த விற்பனைக் களம். 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரை ஆகிய மாநகரங்களில் 26ஆம் தேதி முதல் நான்கு நாள்களுக்கு முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வெளியானது. இடையில் எஞ்சியிருந்த ஒரே முழு நாளான 25ஆம் தேதி, நான்கு நாளைக்கு வேண்டியதை அள்ளிக்கொள்ள வந்த கூட்டம் அந்த வளாகத்தில் தோளோடு தோள் முட்டி நின்றது. அடுத்த சில வாரங்களில் அங்கிருந்து கிளைத்த கொத்துத்தொற்று, அதாவது ஓரிடத்தை மையமாகக் கொண்டு பலரிடம் ஒருசேரக் கண்டறியப்படும் தொற்று, இரண்டாயிரம் பேரைத் தாண்டியது. அங்கே தொற்று முன்னரே புகுந்திருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டாலும், ஒரு நாள் அவகாசத்தில் ஒரு மாநகரையே சந்தைக்கு விரட்டிய அறிவிப்பை விட்டுவிட்டுச் சந்தையின் மேல் மட்டும் பழியைப் போடுவது முறையன்று. மே 5 அன்று வளாகம் மூடப்பட்டது. அந்த நாள்களை ஒட்டி வேலையும் தங்குமிடமும் இழந்து கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குச் சரக்குந்துகளில் திரும்பிய தொழிலாளர்களோடு தொற்றும் ஊர் போய்ச் சேர்ந்தது என்பதை, மே முதல் வாரத்தில் அம்மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென ஏறியதே காட்டும். முன்னேற்பாடு இல்லாத மூடலும் தொற்றைப் பரப்பும் என்பதற்குக் கோயம்பேட்டைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

மேலும், மொத்த விற்பனைக் களத்தில் நேர்ந்ததை உழவர் சந்தையின் தலையில் சுமத்துவதற்கு ஆதாரம் இல்லை. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை, விளைவித்தவரே இடைத்தரகர் இன்றி விற்கும் சில்லறைச் சந்தை. அங்கே கடை போடுபவருக்குப் புகைப்பட அடையாள அட்டை உண்டு. எந்த ஊர், என்ன பயிர் என்பது அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். நோயுற்ற ஒருவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்கும் தொடர்புத்தடமறிதல் என்ற பணிக்கு இத்தகைய பதிவேடு எவ்வளவு உதவும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சந்தை மூடப்பட்டபின் சாலையோரங்களில் சிதறி விற்றவர்களுக்கு அப்படியொரு பதிவேடு எங்கும் இல்லை.

பேரங்காடி தூய்மையானது, ஆகையால் பாதுகாப்பானது என்ற வாதம், தூய்மையையும் காற்றோட்டத்தையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறது. கொரோனா வைரஸ், இருமும்போது தெறித்து அருகிலேயே விழும் பெருந்திவலைகளால் மட்டுமன்றி, பேசும்போதும் மூச்சுவிடும்போதும் வெளியேறி, மூடிய அறையின் காற்றில் நெடுநேரம் மிதக்கும் நுண்திவலைகளாலும் பரவுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனமும் 2021இல் தெளிவாக ஏற்றுக்கொண்டது. பளிங்குத் தரையும் கண்ணாடிக் கதவும் கண்ணுக்குத் தூய்மையாகத் தெரிந்தாலும், சன்னல் இல்லாத கூடத்தில் அதே காற்றையே சுழற்றிக் குளிர்விக்கும் பொறி, ஒருவர் விட்ட மூச்சை மற்றவருக்குக் கொண்டுசேர்க்கிறது. சீனாவில் ஹூபே மாகாணத்துக்கு வெளியே 2020 தொடக்கத்தில் பதிவான 7,324 நோயாளிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, திறந்தவெளியில் தொற்று பரவியதாக ஒரே ஒரு நிகழ்வைத்தான் கண்டது. அதில் சம்பந்தப்பட்டவர்கள் இருவர். அது குளிர்காலம், மக்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்த காலம் என்பதால் அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும் அது காட்டும் திசையில் ஐயமில்லை.

காய்கறியின் மேலும் உடையின் மேலும் வைரஸ் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது என்ற அச்சமே இவற்றுள் மிகுந்த பொருளையும் உழைப்பையும் வீணடித்தது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையின் வாயிலில், உள்ளே நுழைவோர் மீது கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் ஒன்று நிறுவப்பட்டு, அதைப் பார்த்து நாட்டின் பல நகரங்கள் அவ்வாறே செய்தன. அதே மாதத்தில் ஒன்றிய சுகாதார அமைச்சகம், மனித உடல்மீது கிருமிநாசினி தெளிப்பது தீங்கானது, அதனால் பயனும் இல்லை என்று அறிவுறுத்தியது; நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தகைய சுரங்கங்களைத் தடைசெய்யுமாறு அரசுக்கு ஆணையிட்டது. உடலுக்குள் புகுந்துவிட்ட வைரஸைச் சட்டைமேல் தெளிக்கும் மருந்து தொடாது என்பது எளிய உண்மை. தொற்றுள்ள பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் கணித்தது. வாங்கிய காயை ஓடும் நீரில் கழுவி, பின் கையையும் சோப்பிட்டுக் கழுவினால் போதும். காயைச் சோப்பில் ஊறவைத்தால் அந்தச் சோப்பு வயிற்றுக்குள்தான் போகும்.

விற்பனை நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்ற நம்பிக்கையைச் சிறு கணக்கொன்றே தகர்த்துவிடும். ஒரு சந்தைக்கு நாளொன்றுக்கு 1,200 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் இருபது நிமிடம் உள்ளே இருக்கிறார்கள் என்று கொள்வோம். சந்தை ஆறு மணி நேரம் திறந்திருந்தால் எந்த நொடியிலும் சராசரியாக உள்ளே இருப்போர் 67 பேர். இரண்டு மணி நேரமாகக் குறைத்தால் 200 பேர். வீட்டில் காய் வேண்டும் என்ற தேவை நேரக் கட்டுப்பாட்டால் குறைவதில்லை. அது நெரிசலாக மாறுகிறது, அவ்வளவே. நேரத்தை நீட்டுவதும், ஒரே சந்தையைப் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் பிரித்து அனுப்புவதும்தான் நெரிசலைக் கலைக்கும். 2020 ஊரடங்கில் பேருந்துகள் ஓடாத மாதங்களில் பல ஊர்களில் பேருந்து நிலையங்கள் சந்தைகளாயின. திருச்சியில் காந்தி மார்க்கெட்டின் மொத்த வணிகம் ஜி கார்னர் மைதானத்துக்கு மாறியது.

நம் மக்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்க மாட்டார்கள் என்ற குறை, மக்களை அவமதிப்பது ஒருபுறமிருக்க, சந்தையின் பழக்கங்களையே அறியாத குறையும் ஆகும். தக்காளியையோ கத்தரிக்காயையோ ஒரே அளவாகக் குவித்து, ‘கூறு பத்து ரூபாய்’ என்று விற்கும் முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. கூறு கட்டிய காயைப் பொறுக்க வேண்டியதில்லை, அழுத்திப் பார்க்க வேண்டியதில்லை, தராசுக்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை. விற்பவர் பையில் கொட்ட, வாங்குபவர் சில்லறையைத் தட்டில் போட்டுவிட்டு நகர அரை நிமிடம் போதும். கூவி விற்கும் குரல் மெல்லிய பேச்சைவிட மிகுதியான திவலைகளை வெளியேற்றும் என்பதால், நாள்தோறும் காலையில் விலையைக் குறித்து எழுதி வைக்கும் உழவர் சந்தையின் விலைப்பலகையே தொற்றுக்கு எதிரான கருவியாகிறது. பேரம் இல்லாத இடத்தில் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் கத்த வேண்டிய தேவையும் எழுவதில்லை. இவற்றோடு, நுழைய ஒரு வழி, வெளியேற மறு வழி, கடைக்குக் கடை இடைவெளி, சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள், வாயிலில் கை கழுவத் தண்ணீர் என்பவை சேர்ந்தால் ஏற்பாடு முடிந்தது.

2021 மே முழு ஊரடங்கின்போது தோட்டக்கலைத் துறை நடமாடும் வண்டிகளை அனுப்பியது பயனுள்ள செயலே. முதியோருக்கும் தனிமைப்படுத்தப்பட்டோருக்கும் அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வண்டி சந்தைக்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது. விடியலில் பறித்த கீரை நண்பகலில் வாடிவிடும். கத்தரியும் வெண்டையும் முற்றினால் விலைபோகாது. விற்க இடம் இல்லாத உழவருக்குப் பறிகூலிகூட மிஞ்சாது என்பதால் பயிரைச் செடியிலேயே விட்டுவிட வேண்டியதாகிறது. அன்றன்று கூலி வாங்கிப் பத்து ரூபாய்க்குக் காய் வாங்குபவருக்கு, பல வகைக் காய்களை ஒன்றாகக் கட்டி மொத்த விலைக்குத் தரும் தொகுப்புப் பை எட்டாத பொருள்.

திறந்தவெளிச் சந்தைக்கும் குறை உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. கோயம்பேட்டுக்கு மாற்றாகத் திருமழிசையில் அமைக்கப்பட்ட தற்காலிகச் சந்தை, மழை பெய்ததும் சேறாகி, வணிகரையும் தொழிலாளரையும் வாட்டியது. பக்கங்கள் திறந்த உயரமான கூரையும், வடிகாலும், கழிப்பறையும் திறந்தவெளிச் சந்தைக்கு இன்றியமையாதவை. அவற்றை அமைப்பதற்கான காலம் நோய் இல்லாத இந்நாள்களே. ஆகவே ஒவ்வொரு நகராட்சியும் தன் சந்தையை எந்த மைதானங்களுக்குப் பிரிக்கும், எத்தனை கடைகளை எவ்வளவு இடைவெளியில் வைக்கும், சுமைதூக்குவோரை எங்கே தங்கவைக்கும் என்பதை இப்போதே வரைபடமாக்கி, வணிகரிடமும் உழவரிடமும் கலந்துபேசி முடிவுசெய்து வைக்க வேண்டும். ஊரடங்கு அறிவிக்க நேர்ந்தால், அந்த வரைபடம் நடைமுறைக்கு வந்த பின்னரே அறிவிக்க வேண்டும்.