ஜெராய் மலையடியில் ஒரு துறைமுகம்

நார்வேயில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஃபியோர்டு படங்களை அனுப்பியிருந்தான். பனியாறு குடைந்த பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்து, மலைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிறது. பக்கத்தில் பெர்கன் என்ற பழைய துறைமுக நகரம். கருவாட்டு வியாபாரத்தில் வளர்ந்த ஊராம்!

"அம்மா, நாம எப்போ போறோம்?" என்றாள் மகள். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை மெர்போக் போகலாம்" என்றேன். முகம் வாடிவிட்டது.

பாக்கார் ஆராங்கில் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். செமிலிங் படகுத்துறைக்கு அதிக தூரமில்லை. மெர்போக் ஆற்றைப் பனி குடையவில்லை. இருபுறமும் செங்குத்துப் பாறைக்குப் பதில் பாக்காவ் காடு. ஆனால் கடல் உள்ளே ஏறி வருவது இங்கும் உண்டு. தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் ஜெராய் மலை, 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். அன்று இந்த முகத்துவாரம் இன்னும் அகலமாக இருந்தது. கப்பல்கள் இங்கே நுழைந்து, காற்று திரும்பும்வரை காத்திருந்தன. அதுதான் கடாரம்.

பிறகு பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். புக்கிட் பத்து பஹாட் சண்டியின் கருங்கல் அடித்தளத்தைச் சுற்றி வந்தவள், "ராஜேந்திர சோழன் ஜெயிச்ச ஊரும்மா இது!" என்றாள். பள்ளியில் படித்தது. 1025இல் நடந்த படையெடுப்பு. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

ஆனைமங்கலம் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. நான் சொன்னேன். படையெடுப்புக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன், கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டத் தொடங்கினான். அவன் மகன் முடித்தான். அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே தானமாகக் கொடுத்தவன் ராஜராஜ சோழன். அந்தத் தானம் நிலைக்கச் செப்பேடு வெட்டச் செய்தவன் ராஜேந்திரன். ஆம், அதே ராஜேந்திரன்தான். அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாம கெடாக்காரங்கதானே? அப்போ நாம ஜெயிச்ச பக்கமா, தோத்த பக்கமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தாத்தா பால்மரம் வெட்ட வந்த மண் இது. என் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் ஊரும் இதுதான். இங்கே 11ஆம் எண் சண்டி மேம்பாட்டு வேலைக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வந்தபோது கோபப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதுவரை அந்தச் சண்டியை ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. பெர்கன் போய்வந்த தமிழர்களை எனக்குத் தெரியும். பூஜாங் போகாத சுங்கைப்பட்டாணிக்காரர்களையும் தெரியும். நானே நாற்பது வயதுவரை அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

திரும்பும்முன் தஞ்சோங் டாவாய் போனோம். ஆறு கடலில் சேரும் இடம். தெருவெங்கும் நெத்திலிக் கருவாட்டு வாசம். அரைக் கிலோ வாங்கினேன்.

"இதை அண்ணனுக்கு அனுப்ப முடியுமாம்மா?" என்று கேட்டாள். கருவாட்டு ஊருக்கே கருவாடா!