கத்திப்பிடியும் கல்லூரிக் கல்வியும்

கருவிகளைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் இரும்பைப் புகழ்வர். அவ்விரும்பைத் தாங்கும் மரத்தை மறந்துவிடுவர். கத்தியின் பெருமையெல்லாம் அதன் வாய்க்கே உரியதென்பது பலர் எண்ணம். ஆயினும் அலகை மனிதன் கையோடு இணைப்பது பிடியன்றோ? பிடியில்லாத அலகு கூரிய இரும்புத் துண்டேயன்றிக் கருவியாகாது. தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை பின்செல்கின்றது எனச் சிவகளை அகழ்வாய்வுச் சான்றுகளைக் கொண்டு மாநிலத் தொல்லியல் துறை 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. அத்தகைய அகழிடங்களில் இரும்பு துருவேறியேனும் கிடைக்கின்றது. அதனைத் தாங்கிய மரமோ பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகிவிடுகின்றது. மண்ணில் அழிவது இயற்கை. அப்பிடியைச் செய்யும் அறிவும் நம் கண்முன்னே அழிவதுதான் வருந்தத்தக்கது.

பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே அமைந்த மேல்பட்டாம்பாக்கத்துச் சுற்றுப்புறத்தை நோக்குவோம். நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை கரும்பை நம்பி நிற்பது. பண்ணுருட்டி பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்றது. இந்நாட்டுப்புறத்தில் கத்தியின்றி ஒரு பருவமும் நடவாது. கரும்பின் அடிப்பகுதியிலேயே சர்க்கரை மிகுந்திருத்தலின், அதனைத் தரையை ஒட்டி வெட்டவேண்டும். ஆகவே வெட்டுவோர் குனிந்தவாறே நாள் முழுதும் கத்தியை வீசுகின்றனர். அவர்தம் கத்தியின் பிடி சற்றே தளர்ந்திருப்பின், அலகு கழன்று அடுத்த வரிசையில் நிற்பவர்மேல் பாயக்கூடும். பலாவை அரிவோர் அதன் பால் ஒட்டாதிருக்கக் கையிலும் கத்தியிலும் எண்ணெய் பூசிக்கொள்வர். எண்ணெய்க் கையில் வழுவழுப்பான பிடி நில்லாது நழுவும். ஆகவே நல்ல பிடி என்பது அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. விரல்களைக் காப்பதும் அதுவே.

அங்ஙனமாயினும், இக்காலத்தில் பிடி உடைந்த கத்திக்கு நேரும் கதி யாது? அதனைப் பழைய இரும்பு வாங்குவோனிடம் போட்டுவிட்டுப் புதிது வாங்குகின்றோம். லாரியின் வில்பட்டையை உலையிற் காய்ச்சி அடித்து, பதம் பார்த்துத் தோய்த்த கத்தி, முறையாகத் தீட்டிவரின் பல்லாண்டுகள் உழைக்கும். அதன் பிடி சில ஆண்டுகளில் தேய்வதும் பிளப்பதும் இயல்பு. தெற்கே நெய்வேலியில், 1956ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களைக் கண்டோர், மண்ணை வாரியெறியும் பேரெந்திரங்களின் சக்கரத்தில் வாளிகள் வரிசையாகப் பூட்டப்பெற்றிருத்தலை அறிவர். அவ்வாளிகளின் பற்கள் அங்குள்ள கடிய மணற்பாறையிற் பட்டு விரைவில் தேய்ந்துபோகின்றன. பல் தேய்ந்ததென்று எந்திரத்தையே எறிவார் உளரோ? பல்லை மாற்றி வேலையைத் தொடர்கின்றனர். எந்திரத்துக்குச் செய்யும் இந்நியாயத்தை நம் வீட்டுக் கத்திக்கு நாம் செய்வதில்லை.

பிடியிடுதல் அரிய வித்தை என்று அஞ்சவேண்டா. ஒரு சிறு ரம்பம், அரம், சுத்தியல், துளையிடும் கருவி, உடைந்த கண்ணாடித் துண்டு ஆகிய இவை போதும். முதலாவது மரம். கருவேலம், வேம்பு, பூவரசு, கொய்யா முதலிய உறுதியான மரங்களுள் யாதேனும் ஒன்றைக் கொள்ளலாம். அது நன்கு உலர்ந்திருத்தல் இன்றியமையாதது; பச்சை மரம் பின்னர்ச் சுருங்கிப் பிடியைத் தளர்த்தும், அல்லது வெடிக்கும். மரத்தின் ரேகை பிடியின் நீளவாட்டில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஓர் அழுத்தத்தில் முறிந்துவிடும். அடுக்களைக் கத்திக்கு நான்கு முதல் ஐந்து அங்குல நீளம் ஏற்றது.

கத்தியின் அடியில் ஊசிபோல் நீண்டிருக்கும் வால், மரத்துக்குள் இறங்கவேண்டும். அதற்கென, வாலைக் காட்டிலும் சற்றே குறுகலான துளையை மரத்தின் நடுவே நேராக இடுதல் முறை. துளையிடும் கருவி இல்லாதார், வாலின் பருமனுள்ள வேறோர் ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் துளையைச் சுட்டு இறக்கலாம். கத்தியின் வாலையே காய்ச்சுவோரும் உண்டு. அவர்கள் அலகின்மேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொள்ளல் வேண்டும். ஏனெனில் சூடு அலகிற் பரவி அதன் நிறம் நீலமாக மாறினால், அவ்வெஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டிவிட்டது என்பது பொருள். அதற்குள் கொல்லன் ஏற்றிய பதம் பெரிதும் இறங்கிப்போயிருக்கும். பின்னர் அக்கத்தியை எத்துணை தீட்டினும் கூர்மை நிலையாது.

வாலை இறக்குமுன் மரத்தின் வாய்ப்புறத்தில் பூண் ஒன்றைப் பூட்டவேண்டும். உலக்கைக்குப் பூண் எதற்கோ, அதற்கே இதுவும்: மரம் பிளவாது காக்கும். பித்தளைக் குழாயில் அரை அங்குலம் அறுத்தெடுத்தால் அதுவே பூணாகும். துளைக்குள் உருக்கிய அரக்கோடு நன்றாகச் சலித்த செங்கற்பொடியைக் கலந்து ஊற்றுதல் பண்டைய வழக்கம். வாட்பிடிகளையும் இம்முறையில் பூட்டினர். அரக்கு சூட்டில் இளகும் இயல்பினது. ஆகையால் அடுப்பருகே வைத்தலாகாது. ஆயினும் அவ்விளகுந் தன்மையே நன்மையுமாகும்: பிடியை மாற்றவேண்டிய காலத்தில் சற்றே வெதுப்பினால் வால் கழன்றுவரும். இக்காலத்து ரசாயனப் பசைகள் மிக உறுதியாகப் பற்றும், கழற்றுதல் கடினம்.

இனி இறக்கும் முறை. அலகின்மேல் சுத்தியலால் அடித்தல் பேதைமை. அலகைத் துணியாற் சுற்றி, அது கீழ்நோக்கித் தொங்குமாறு பிடியைக் கையிற் பற்றிக்கொண்டு, பிடியின் அடிமுனையைச் சுத்தியலால் தட்டவேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் மரம் கீழே நகர, அலகு தன் நிலைமத்தால் நின்ற இடத்தில் நிற்க முயல்கின்றது. அதனால் வால் சிறிது சிறிதாக உள்ளே ஏறுகின்றது. நியூட்டனின் முதல் விதியைப் பரீட்சைக்கு மனனஞ்செய்த மாணவர் எத்துணையோ பேர். அதனைத் தம் கையில் உணர்ந்தவர் எத்துணை பேர்?

இறுதியாக உருவம். பிடியை உருண்டையாகச் செதுக்கலாகாது. முட்டை வடிவாகச் செதுக்குக. அப்பொழுது வெளிச்சமில்லாத இடத்திலும், கத்தியின் வாய் எப்பக்கம் உள்ளது என்பதைக் கை தானே அறியும். அடிமுனையைச் சற்றுப் பருக்கவிட்டால் எண்ணெய்க் கையிலும் நழுவாது. அரத்தால் உருவாக்கி, கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டி, ஆளிவிதை எண்ணெயைத் தடவி உலரவிட்டால் பணி முடிந்தது. தேங்காயெண்ணெய் எளிதிற் கிடைப்பினும் உலராது. ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து மரத்தைக் காக்கும்.

இத்தொழிலைக் கல்லூரி இதழில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பின்லாந்து தேசத்தில் 1866ஆம் ஆண்டிலேயே, ஊனோ சிக்னேயுஸ் என்பாரின் முயற்சியால், கைத்தொழில் பள்ளிக் கல்வியின் பகுதியாயிற்று. சுவீடனில் ஆட்டோ சாலமன் என்பார் நேஸ் என்னும் ஊரில் ஆசிரியர்களுக்கு இப்பயிற்சியை அளித்தார். பல நாட்டினரும் அங்குச் சென்று பயின்றனர். அம்முறையில் மாணவன் முதலிற் கையில் எடுக்கும் கருவி கத்தியே. தச்சர்களைப் பெருக்குதல் அவர்தம் நோக்கமன்று. கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கியையப் பழகுதலே நோக்கம். நம் நாட்டிலும் 1937இல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை நடுவாகக் கொண்டதே.

ஆனால் இங்கு ஒன்றை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. கைத்தொழிற் கல்வி என்ற பேச்சைக் கேட்டவுடன் தமிழ்நாட்டில் பலருக்கு ஐயம் எழுகின்றது. அவ்வையத்துக்குக் காரணமும் உண்டு. 1953இல் இராஜாஜி அமைச்சரவை சென்னை மாநிலத்து நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாடவேளையைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டுமென்று ஒரு திட்டம் கொணர்ந்தது. குலக்கல்வித் திட்டம் எனப் பெயர்பெற்று, பெரும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அதனை எதிர்த்தோர் கூற்று நியாயமானதே என்பது எமது துணிபு. கொல்லன் மகன் உலையையே ஊத, எழுத்தன் மகன் எழுத்தையே பழக, அதனைக் கல்வியென்று அழைத்தல் தகாது.

எனினும் அவ்வெதிர்ப்பிலிருந்து நாம் கற்றது பாதியே. கொல்லன் மகனும் தச்சன் மகளும் கல்லூரிக்கு வந்துவிட்டனர், அது பெருமகிழ்ச்சி. எழுத்தன் மகன் தச்சுப்பலகைக்கு வந்தானா? வரவில்லை. வந்தவர் வந்த வழியே தொழில் இங்கு வராமையால், அத்தொழில் இருபுறத்தும் இல்லாது நடுவே அழிகின்றது. கைவேலை ஒரு குலத்தின்மேற் சுமத்தப்பட்டமை எங்ஙனம் பிழையோ, அங்ஙனமே அது எவருக்கும் உரியதன்றென்று விடப்படுதலும் பிழை. பிறப்பால் எவர்க்கும் கட்டாயமாகாமல், கல்வியால் எல்லார்க்கும் பொதுவாதலே அதற்கு உரிய நிலை. இழிவென்று எண்ணப்பட்ட வேலையை எல்லாரும் செய்யத் தொடங்கும்போதுதான் இழிவு என்னும் சொல் அதனை விட்டு நீங்கும்.

ஆகவே யாம் வேண்டுவது சிறிது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மரமேசையும் ஒரு பிடிகுறடும் மேற்கூறிய சில கருவிகளும் ஓர் அறையில் வைக்கப்படுக. மதிப்பெண் வேண்டா, பரீட்சை வேண்டா. சுற்றூரிலுள்ள தச்சரும் கொல்லரும் உரிய ஊதியத்தோடு அழைக்கப்பட்டு, ஆசிரியர்க்குரிய இருக்கையில் அமர்த்தப்பெறுக. மாணவரும் மாணவியரும், எக்குடியிற் பிறந்தவராயினும், பட்டம் பெற்று வெளியேறுமுன் ஒரு கத்திக்கேனும் தம் கையாற் பிடியிட்டுச் செல்வாராக. விடுமுறைக்கு ஊர் செல்வோர் தம் வீட்டில் பிடி ஆடும் கத்தி ஒன்று இருக்கக் காண்பர். அதனை நாளும் ஆள்வோர் பெரும்பாலும் தாயோ பாட்டியோ ஆவர். அக்கத்தியிலிருந்து தொடங்கலாம்.